நான்கு கேமரா, ஒரே ஸ்விட்ச்: சேர்ந்து ட்ரிகர் செய்தால் படம் உடைகிறது

திருவொற்றியூர்_விஷன்:
வணக்கம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேட். நான்கு ஜிக்இ கேமரா (ஈதர்நெட் கேபிள் வழியே படம் அனுப்புபவை), எல்லாம் 2448×2048 பிக்சல், மோனோ 8 (கறுப்பு-வெள்ளை, பிக்சலுக்கு 1 பைட்). ஒரே பிஓஇ ஸ்விட்ச் (கேபிளிலேயே மின்சாரமும் தருவது), அதிலிருந்து பிசிக்கு ஒரு 1 ஜிகாபிட் லைன். நொடிக்கு 5 படம் என்றால் மொத்தம் நொடிக்கு 100 எம்பிதான் (மெகாபைட்; 1 பைட் = 8 பிட்), லைன் தாங்க வேண்டும். தனித்தனியாக ஓட்டினால் சுத்தமாக வருகிறது. நான்கும் சேர்ந்தால் பாதிப் படம் அரைகுறை. சாஃப்ட்வேர் ட்ரிகர் (பிசி ஒவ்வொரு கேமராவிடமும் தனித்தனியாக ‘எடு’ என்று சொல்வது) என்பதால் இடது, வலது படங்களுக்குள் லாரியும் நகர்ந்துவிடுகிறது. ரோட்டைத் தோண்டி ட்ரிகர் ஒயர் போட அனுமதி இல்லை.

மணலி_ஆட்டோமேஷன்:
சராசரியை விடுங்கள் சார், உச்சத்தைப் பாருங்கள். ஒரு படம் 5 எம்பி. நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் தள்ளினால், 1 ஜிகாபிட் போர்ட்டுக்குள் 4 ஜிகாபிட் நுழையப் பார்க்கிறது. சாதாரண ஸ்விட்ச்சின் பஃபர் (தற்காலிக நினைவகம்) ஓரிரு எம்பியைத் தாண்டாது. மிச்சம் கீழே விழும்.

ஒவ்வொரு கேமராவிலும் த்ரூபுட் லிமிட்டை (அனுப்பும் வேகத்தின் உச்சவரம்பு) 28 எம்பி/நொடி என்று வையுங்கள். நான்கும் சேர்ந்து 112. ஒரு படம் இறங்க சுமார் 180 மில்லிநொடி, உங்கள் இடைவெளி 200. இடம் மிகக் குறைவு, ஆனால் போதும். நொடிக்கு 6 படம் கேட்டால் இந்த லைனில் முடியாது, பிசி பக்கம் 10 ஜிகாபிட் போட வேண்டும். ஜம்போ பிரேம் 9000-ஐ (9000 பைட் வரையிலான பெரிய பாக்கெட்) கேமரா, ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு மூன்றிலும் திறந்துவிடுங்கள். கேமராவில் திறந்துவிட்டு ஸ்விட்ச்சிலோ கார்டிலோ விட்டுவிட்டால் படமே வராமல் போகலாம். கார்டின் ரிசீவ் பஃபரையும் உச்சத்துக்கு ஏற்றுங்கள்.

ராயபுரம்_நெட்வொர்க்:
படம் எடுப்பது ஒரே கணத்தில், அனுப்புவது மெதுவாக: இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒயர் இல்லையென்றால் நெட்வொர்க் வழியே எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்கும் பிடிபி எனப்படும் ஐஇஇஇ 1588 தான் வழி, கேமரா அதை ஆதரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் இயக்கிவிட்டு, ஒன்று மாஸ்டராகவும் (நேரம் சொல்வது) மற்ற மூன்றும் ஸ்லேவாகவும் (அதைப் பின்பற்றுவது) மாறி, ஆஃப்செட் (கடிகார வித்தியாசம்) 1 மைக்ரோநொடிக்குள் வரும்வரை காத்திருங்கள். அதற்கு முன் ட்ரிகர் செய்தால் பலன் இல்லை.

பிறகு ட்ரிகர் சோர்ஸை ஆக்‌ஷன் 1 ஆக்கி, கமாண்ட் தனக்கானதா என்று கேமரா சரிபார்க்கும் டிவைஸ் கீ, குரூப் கீ, குரூப் மாஸ்க் எண்கள் மூன்றையும் எல்லாவற்றிலும் ஒன்றாக வையுங்கள். மாஸ்டர் கேமராவின் நேரத்தைப் படித்து, 50 மில்லிநொடி கூட்டி, ஆக்‌ஷன் கமாண்டை ‘இந்த நேரத்தில் எடு’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் பிராட்காஸ்ட் செய்யுங்கள். கமாண்ட் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கேமரா வந்த கணத்திலேயே எடுத்துவிடும், எனவே கூட்டும் நேரத்தைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள்.

லாரி 15 கிமீ வேகத்தில் வந்தால் 20 மில்லிநொடி பிசகு என்பது 8 செமீ. எல்லாம் ஒரே கணத்தில் திறந்தாலும் ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே ஷட்டர் நேரத்தை மாற்றுவது) ஓடினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் மூடும். அதை அணைத்து எல்லாவற்றுக்கும் 500 மைக்ரோநொடி கொடுங்கள், மங்கல் 2 மிமீ அளவில் நிற்கும். வெளிச்சம் போதாவிட்டால் விளக்கைக் கூட்டுங்கள், எக்ஸ்போஷரை அல்ல.

திருவொற்றியூர்_விஷன்:
லிமிட் போட்டதும் உடைந்த படம் நின்றது, நன்றி. பிடிபியில் ஒரு கேமரா மட்டும் ஸ்லேவாக மாறவே இல்லை. நான்கும் ஒரே சப்நெட், நிலையான ஐபி.

ராயபுரம்_நெட்வொர்க்:
ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைப் (குழுச் செய்திகளைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) பாருங்கள். பிடிபியின் குழு முகவரியான மல்டிகாஸ்ட் 224.0.1.129-ஐ அது தடுப்பது உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த லைனைத் தூங்கவைக்கும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டையும் அணையுங்கள்.

மணலி_ஆட்டோமேஷன்:
அந்த போர்ட்டின் லிங்க் வேகத்தையும் பாருங்கள். எண்ணூர் உப்புக்காற்றில் ஆர்ஜே45 பின் பச்சை பிடித்தால் ஜிகாபிட் 100 மெகாபிட்டாக இறங்கும். அதாவது நொடிக்கு 12 எம்பி, 28 எப்படிப் போகும்? வெளியில் எம்12 எக்ஸ்-கோடட் (திருகிப் பூட்டும் வட்ட வகை) கனெக்டர் போடுங்கள். டி-கோடட் வாங்கிவிடாதீர்கள், அதில் 100 மெகாபிட்தான்.