பிரேக் மிதித்தால் மார்க் குறையும்: கருவி மாட்டிக் கார் ஓட்டியவர்கள் உண்டா?

வெள்ளைக்கார்:
கார் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் புதுப்பிக்கிற சமயத்தில், ஓட்டும் விதத்தைப் பார்த்து பிரீமியம் போடுகிற திட்டம் ஒன்று இருப்பதாக ஏஜென்ட் சொன்னார். "நீங்கள்தான் நிதானமாக ஓட்டுபவர் ஆயிற்றே, லாபம் உங்களுக்குத்தான்" என்றார். புகழ்ச்சியில் விழுந்துவிட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்ப்பாரே, அந்த ஓபிடி துளையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. 90 நாள் மாட்டியிருக்க வேண்டும். சடன் பிரேக் போட்டால் கீச்சிடும், மார்க் குறையும்.

முதல் வாரமே ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. ஓங்கி மிதித்தேன். நாய் பிழைத்தது, கருவி கீச்சிட்டது. இரவு ஆப்பைத் திறந்தால், அந்த இடத்தில் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. புள்ளியில் நாய் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன், குற்றவாளியாக.

இதை நான் எழுத வந்த காரணம் வேறு. மூன்றாவது வாரம் சிக்னலை நெருங்கும்போது மஞ்சள் விழுந்தது. நிறுத்தியிருக்கலாம், கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். கீச்சிடுமே என்று மிதிக்காமல் போய்விட்டேன். பாதி தாண்டும்போது சிவப்பு. பக்கத்துச் சாலையில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. கருவி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முழு மார்க். இருபது வருடத்தில் நான் செய்த மோசமான காரியம் அதுதான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

முப்பதுவருடஸ்டீயரிங்:
நண்பரே, சிக்னல் விஷயம் உங்கள் தப்பு, கருவியைச் சொல்லாதீர்கள். ஆனால் அது எப்படி எண்ணுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ப்ரோக்ரசிவ் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனம் நடத்தும் ஸ்னாப்ஷாட் திட்டத்தில், ஒரே வினாடியில் மணிக்கு 7 மைல் அளவுக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டர், வேகம் குறைந்தால் அது சடன் பிரேக். 50 கிலோமீட்டரில் போகிறவர் அதே கணக்கில் மிதித்தால் நாலரை வினாடியில், முப்பது மீட்டர் சொச்சத்தில் நிற்பார். யோசித்துப் பாருங்கள், அது டயர் கிறீச்சிடுகிற பிரேக் அல்ல. நாம் சாதாரணம் என்று நினைப்பதே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

என் அனுபவம் நேர் எதிர். எனக்கும் முதல் மாதம் கீச்கீச்தான். எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தேன். நாயும் இல்லை, குழந்தையும் இல்லை. முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறேன், அவர் தொட்டால் நான் மிதிக்கிறேன். முப்பது வருடமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து மனைவி சொன்னபோதெல்லாம் கேட்கவில்லை. இடைவெளி விட ஆரம்பித்ததும் கீச்சு நின்றது. இப்போது மனைவிக்கு அந்தக் கருவி மேல் கோபம். "நான் சொன்னேன், ஏறவில்லை. டப்பா சொன்னால் ஏறுகிறது."

இரவுப்பணி:
நான் மருத்துவமனையில் நர்ஸ். என் ஷிஃப்ட் இரவு இரண்டு மணிக்கு முடியும். சாலையில் ஈ காக்கை இருக்காது. 40ல் போவேன், பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே வராது. ஆனாலும் மார்க் மட்டம். கேட்டால், நள்ளிரவிலிருந்து காலை நான்கு வரை ஓட்டுவது அபாயக் கணக்கில் சேருமாம்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தூக்கக் கலக்கம், குடித்துவிட்டு வருகிறவர்கள், எல்லாம் அந்த நேரத்தில்தான். அப்படி அடிபட்டு வருகிறவர்களைத்தானே நான் பார்க்கிறேன். ஆனால் அவர்களைக் கவனித்துவிட்டு வீடு திரும்புகிற எனக்கும் அதே முத்திரை என்றால் எப்படி? போனில் பேசிய பெண், "பயண நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா மேடம்?" என்றாள். நோயாளிகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

புதுலைசென்ஸ்அப்பா:
எங்களுடையது கருவி இல்லை, போன் ஆப். மகனுக்கு 19 வயது, அந்த வயதுக்குப் பிரீமியம் எவ்வளவு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஆப் போட்டோம்.

போனுக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது. வேகம் வந்தால் பயணம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் நண்பனின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறான், கையில் போன், வழியெல்லாம் சாட். ஓட்டும்போது போனை நோண்டினான் என்று பதிவாகிவிட்டது. நான் ஓட்டவில்லை, பயணிதான் என்று ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நாம்தான் தேடிப் போய் மாற்ற வேண்டும். இன்னொரு நாள் ஸ்டாண்டிலிருந்து போன் கழன்று காலடியில் விழுந்தது. அதற்கும் ஒரு சடன் பிரேக்! வண்டி குலுங்கியதா போன் குலுங்கியதா என்று அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது.

பிரச்சினை அதுகூட இல்லை, நான்தான். தினமும் ராத்திரி அவன் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஏன் சிவப்பு, இந்தத் தெருவுக்கு எதற்குப் போனாய், பதினோரு மணிக்கு அங்கே என்ன வேலை. பத்து நாள் பொறுத்தான். அப்புறம், "அப்பா, இன்ஷூரன்ஸ்காரன் பார்க்கட்டும். நீங்கள் பார்க்காதீர்கள்" என்றான். என் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன். மார்க் ஏறியதா இறங்கியதா என்று இன்றுவரை தெரியாது.

நின்றவண்டி:
எனக்கு உதவியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து இடித்தார் ஒருவர். நான் ரிவர்ஸ் எடுத்தேன் என்று சாதித்தார். கருவிப் பதிவில் இடிபடுவதற்கு முன் 11 வினாடி வேகம் பூஜ்யம். கிளெய்ம் ஒரே வாரத்தில் முடிந்தது. நான் வேகமாகப் போய் இடித்திருந்தால் அதே பதிவு எனக்கு எதிராகவும் பேசியிருக்கும், அது வேறு விஷயம்.

கண்ணாடியைத்திருப்பு:
நீங்கள் எல்லோரும் தெரிந்து மாட்டிக்கொண்டவர்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கதை தெரியுமா? 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த ஒரு வசதி வழியாக எத்தனை முறை சடன் பிரேக் போட்டார்கள், எவ்வளவு வேகம் போனார்கள் என்பதெல்லாம் தகவல் நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது. பிரீமியம் ஏறிய பிறகுதான் சிலருக்குக் காரணமே தெரிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, அப்படித் தகவல் தருவதை ஐந்து ஆண்டு தடுக்கும் உடன்பாட்டை அறிவித்தது.

தனியாக டப்பா மாட்ட வேண்டிய காலம் போய்க்கொண்டிருக்கிறது. 1998ல் ப்ரோக்ரசிவ் ஹூஸ்டனில் முதன்முதலாகச் சோதித்தபோது காருக்குள் கருவி பொருத்த வேண்டியிருந்தது. இப்போது காரே கருவி. ஒவ்வோர் இடத்துக்கும் சட்டமும் வேறு. கலிபோர்னியாவில் எத்தனை மைல் ஓடியது என்று பார்க்கலாம், எப்படி ஓட்டினீர்கள் என்று பார்த்து விலை போட முடியாது. உங்கள் காரின் செட்டிங்ஸில் தகவல் பகிர்வு என்று என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

வெள்ளைக்கார்:
எல்லோருக்கும் நன்றி. முப்பதுவருடஸ்டீயரிங் சொன்னது சரி, சிக்னல் என் தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்ய எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்ததே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

90 நாள் முடிந்தது. தள்ளுபடி வந்திருக்கிறது, ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவில் பாதி இருக்கும். போன் செய்து இரண்டு கேள்வி கேட்டேன். மார்க் குறைந்திருந்தால் பிரீமியத்தை ஏற்றியிருப்பீர்களா? "ஆமாம் சார், இந்தத் திட்டத்தில் ஏறவும் செய்யலாம்." ஏற்றாமல் குறைக்க மட்டும் செய்கிற திட்டங்களும் உண்டாம். ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. நான் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போனால் என் பதிவுகளை என்ன செய்வீர்கள்? "நிபந்தனைகளில் இருக்கிறது சார்."

நிபந்தனைகள் 42 பக்கம். 17 வரை வந்திருக்கிறேன். கண்ணில் பட்டால் இங்கே எழுதுகிறேன்.