வளவு வீட்டில் வீடியோ: ஃபுல் ஃப்ரேமா, கிராப்பா?

புதுவயல்_தம்பி
வேலை ரெண்டு வகை. ஒன்று, காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் வீடியோ. இன்னொன்று, வீட்டிலேயே வைத்து நடத்தும் நகரத்தார் கல்யாணம். ஸ்டில்ஸுக்குத் தனி ஆள் உண்டு. கையில் இருக்கிற காசுக்கு சோனி ஏ7 மார்க் 4-ம் (ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார்) டாம்ரான் 28-75 லென்ஸும் வரும். இல்லையென்றால் எஃப்எக்ஸ்30-ம் (கிராப், அதாவது சின்ன சென்சார்) சிக்மா 18-50, 10-18 லென்ஸ் ரெண்டும் வரும். எதை எடுக்க? "ஃபுல் ஃப்ரேம்னாதான் கெத்து" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லுங்கள்.

பர்மாத்தேக்கு
ஃபுல் ஃப்ரேமுக்குக் காரணம் வெளிச்சம். 36×24 மில்லிமீட்டர் எங்கே, 23.5×15.6 எங்கே? பரப்பு 2.3 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கணக்கில் ஒன்றேகால். ஒரே அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்தால், ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400-ல் தெரியும் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) கிராப்பில் 2700 பக்கமே தெரிய ஆரம்பிக்கும். இரண்டாங்கட்டு அறைகளில் பகல் 11 மணிக்கே இருட்டு. விடியற்கால முகூர்த்தம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆத்தங்குடி_கல்
அண்ணே, "ஒரே அப்பர்ச்சரில்" என்று ஒரு வார்த்தை போட்டீங்களே, பிரச்சினையே அங்கதான். திருப்பூட்டு (தாலி பூட்டுற) நேரத்தில் ஃப்ரேமில் ஒரு முகமா இருக்கு? பெண், மாப்பிள்ளை, பக்கத்தில் பெரியவர். ஆறடி தூரத்திலிருந்து ஃபுல் ஃப்ரேமில் 50 எம்எம், எஃப்/2.8 வைத்தால் ஃபோகஸில் நிற்கிற ஆழம் மொத்தமே 9 அங்குலம். மாப்பிள்ளை தெளிவாக இருந்தால் பெண் மங்கல். சரி என்று எஃப்/4-க்கு மேல் மூடுவீங்க, ஐஎஸ்ஓவை ஏற்றுவீங்க. உங்க ஒன்றேகால் ஸ்டாப் அங்கேயே கரைஞ்சுபோச்சு. கிராப்பில் 33 எம்எம், அதே எஃப்/2.8-ல் 14 அங்குலம் கிடைக்கும்.

எஃப்எக்ஸ்30-க்கு எஸ்-லாக்3-ல் (பிறகு கலர் திருத்துவதற்கான மோடு) ரெண்டு பேஸ் ஐஎஸ்ஓ (சென்சாரின் இயல்பு அளவு), 800-ம் 2500-ம். இருட்டில் 1600-ல் தடவிக்கொண்டு நிற்காமல் நேரே 2500-க்குப் போய்விடணும். 1600-ஐவிட 2500 சுத்தமாக வரும்.

பர்மாத்தேக்கு
மூன்று பேர் ஷாட்டுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்துருவை (நகரத்தார் தாலி) மட்டும் காட்டும் ஷாட், ஆச்சி முகம் தனியாக, குத்துவிளக்குச் சுடர்? அங்கே எஃப்/2.8-ஐத் திறந்தே வைக்கலாம். அதே தோற்றம் கிராப்பில் வேண்டுமென்றால் எஃப்/1.8 வேண்டும், அது அந்த சிக்மா ஜூமில் கிடையாது. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) மாட்டணும். சடங்கு நடுவில் லென்ஸ் கழற்றிக்கொண்டிருந்தால் நம்மைக் கேட்டுவிட்டா பூட்டுவார்கள்?

முகப்பு_வாசல்
ரெண்டு பேரும் கல்யாணத்திலேயே நிற்கிறீங்க. வீட்டைக் காட்டும் வேலையில் முதல் சிக்கல் அகலம். கணக்கு எளிது: எட்ட வேண்டிய அகலத்தை ஃபோக்கல் லெங்த்தால் பெருக்கி 36-ஆல் வகுத்தால், எவ்வளவு பின்னால் நிற்கணும் என்று வரும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய கட்டு) 30 அடிப் பத்தி (தாழ்வாரம்) முழுதும் தெரிய, ஃபுல் ஃப்ரேமில் 28 எம்எம் என்றால் 23 அடிக்கு மேல் பின்வாங்கணும். முதுகு சுவரில் முட்டும், அல்லது நடுவில் ரெண்டு தூண் மறைக்கும். கிராப்பில் 36-க்குப் பதில் 23.5-ஆல் வகுக்கணும். 10 எம்எம்முக்கு 13 அடி போதும். தம்பி சொன்ன ஃபுல் ஃப்ரேம் செட்டில் வைட் லென்ஸே இல்லை. டாம்ரான் 17-28-ம் சேர்த்து வாங்க முடியாதென்றால், வீடு வேலைக்கு அந்த செட் அரைகுறைதான்.

ஆத்தங்குடி_கல்
அதோட தூணையும் சேர்த்துக்கங்க. ஏ7 மார்க் 4 முழு அகலத்தில் சென்சாரை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஏறத்தாழ 27 மில்லி செகண்ட். எஃப்எக்ஸ்30 சுமார் 16. ரெண்டு செகண்டில் ஒரு ஃப்ரேம் அகலம் கடக்கிற மாதிரி பேன் பண்ணினால் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால்), ஏ7-ன் 4கே படத்தில் தூணின் உச்சிக்கும் அடிக்கும் 50 பிக்சல் விலகல். ஒன்றரை டிகிரி சாய்வு. வரிசையாக பத்துத் தேக்குத் தூணும் சாய்ஞ்சு நின்னா வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

பர்மாத்தேக்கு
ரெண்டு செகண்டில் பேன் பண்ணினால் எந்தக் கேமராவிலும் 25 ஃப்ரேமில் தூண் துள்ளும். ஒரு ஃப்ரேம் அகலத்துக்கு ஏழு செகண்ட் என்பது பழைய விதி. அந்த வேகத்தில் விலகல் 15 பிக்சல், யார் கண்ணுக்கும் தெரியாது. இது பேன் பழக்கத்தின் பிரச்சினை, சென்சாரின் தலையில் கட்டாதீர்கள்.

ஆத்தங்குடி_கல்
சரி, தூணை விட்டுட்டேன். ஸ்லோ மோஷன்? ஏ7 மார்க் 4-ல் 4கே 50 ஃப்ரேம் போட்டாலே கேமரா தானாக சூப்பர் 35-க்கு, அதாவது கிராப்புக்குப் போயிடும். 28-75 அந்த நிமிஷமே 42-112. கல்யாண வீட்டுக்குள்ள 42-ல ஆரம்பிச்சு என்ன எடுப்பீங்க? எஃப்எக்ஸ்30 50 ஃப்ரேமை முழு அகலத்திலேயே தரும். 100, 120 போனால்தான் அதிலும் கூடுதலாக வெட்டு விழும்.

பர்மாத்தேக்கு
அது ஏ7 மார்க் 4-ன் குறை, ஃபுல் ஃப்ரேமின் குறை இல்லை. கேனன் ஆர்6 மார்க் 2-ல் 4கே 60 வரை வெட்டே கிடையாது. எப்படியானாலும் வீட்டுக்குள் 100 ஃப்ரேம் வேண்டாம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 100 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/200 வைத்தால் டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் மினுக்கும். 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்டாங்கி
யாரும் தொடாத விஷயம் ஒன்று: கட்டம். கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரை, ஜன்னல் கம்பி, எல்லாமே மொய்ரேவுக்கு (கட்டத்தின் மேல் நெளியும் பொய்க் கோலம்) தீனி. இதில் சென்சார் அளவு முக்கியமில்லை, கேமரா எப்படிப் படிக்கிறது என்பதுதான் முக்கியம். எஃப்எக்ஸ்30 6கே படித்து 4கே ஆக்குகிறது, ஏ7 மார்க் 4 25 ஃப்ரேமில் 7கே படித்து ஆக்குகிறது. ரெண்டுமே நல்ல பிள்ளைகள். வரி தாண்டிப் படிக்கும் மோடுள்ள பாடிகளில் சேலை முழுக்க வானவில் நெளியும். பிறகு எடிட்டில் முழுதாகச் சரிசெய்ய முடியாது, சென்சாரிலேயே பதிந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே ரெண்டடி முன்னே பின்னே போங்கள், அல்லது ஃபோகஸை முகத்துக்குக் கொண்டுபோய் அப்பர்ச்சரைத் திறங்கள்.

தரைக்கு இன்னொன்று. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் பளபளப்பு அதிகம். வேரியபிள் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர், திருப்பினால் அளவு மாறும்) என்பது ரெண்டு போலரைசர்தான். வெளிச்சத்துக்காக அதைத் திருப்பும்போது தரையின் மினுமினுப்பும் மாறும். ஒரு ஷாட்டில் தரை மின்னும், அடுத்ததில் செத்துக் கிடக்கும், ரெண்டையும் ஒட்ட முடியாது. வீட்டுக்குள் ஃபிக்ஸட் என்டி போடுங்கள்.

புதுவயல்_தம்பி
அக்கா, எவ்வளவு என்டி? ரெண்டு பாடிக்கும் ஒரே கணக்குதானா?

கண்டாங்கி
உச்சி வெயில் முற்றம், ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப்/2.8 என்றால் 9 ஸ்டாப். எஃப்/5.6-க்கு மூடினால் 7. வீட்டைக் காட்டும் வைட் ஷாட்டுக்கு 5.6 போதும், சென்சார் எதுவானாலும். அகல லென்ஸில் வேரியபிள் என்டியைக் கடைசிவரை திருப்பினால் படத்தின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும், அதற்காகவும்தான் ஃபிக்ஸட். முற்றத்து வெயிலும் பத்தி நிழலும் ஒரே ஃப்ரேமில் வரும் ஷாட்டை உச்சியில் எடுக்காதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள். ஃபுல் ஃப்ரேம் வாங்கினாலும் அந்த வெயில் அடங்காது.

பர்மாத்தேக்கு
தம்பி, ஸ்டில்ஸ் உனக்கு இல்லை என்றது எஃப்எக்ஸ்30-க்குச் சாதகம். அதில் மெக்கானிக்கல் ஷட்டரும் இல்லை, வியூஃபைண்டரும் இல்லை. ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கிறது, கல்யாணத்துக்கு அது கட்டாயம். மலிவு என்று ஏ6700 பக்கம் போகாதே, ஒரே ஸ்லாட். நீ சொன்ன ரெண்டு செட்டில் வைட் லென்ஸ் உள்ளதை எடு. 17-28-ம் சேரும் அளவுக்குக் காசு வந்தால் என் பேச்சுக்குத் திரும்பி வா.

ஆத்தங்குடி_கல்
அண்ணன் இறங்கிட்டார் 😄

பர்மாத்தேக்கு
இறங்கவில்லை. டாம்ரான் ரெண்டுக்கும் 67 எம்எம் ஃபில்டர், ஒரே என்டி செட் போதும். உன் சிக்மா 18-50-க்கு 55, 10-18-க்கு 67.

ஆத்தங்குடி_கல்
55-லிருந்து 67-க்கு ஸ்டெப்-அப் ரிங் மாட்டினால் முடிஞ்சது.

கண்டாங்கி
ரிங் மாட்டினால் 18-50-ன் ஹுட் ஏறாது. முற்றத்தில் பக்கவாட்டு வெயில் லென்ஸில் விழும்போது ஒரு கையால் மறைக்க ஆள் வேண்டும். அதையும் கணக்கில் வைத்துக்கொள் தம்பி.