புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது

வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் நான்கு வயதுச் சிறுமிக்கு இதயத்தில் துளை இருப்பது தெரிந்ததையும், குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இல்லை என்று ஒரு தனியார் மருத்துவமனை அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது அறுவை சிகிச்சை முடிந்து, குழந்தை வீடு திரும்பிவிட்டாள்.

தடையாக இருந்தது உண்மையில் அந்தப் பெயர்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆனால் குடும்ப உறுப்பினர் யார் என்பதைக் குடும்ப அட்டையை வைத்தே முடிவு செய்கிறார்கள். குழந்தை பிறந்து நான்கு ஆண்டுகளாகியும் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். தினக்கூலிக்குப் போகும் பெற்றோரை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயரைச் சேர்த்து, வருமானச் சான்றிதழும் வாங்கிய பிறகு, காப்பீட்டு அட்டைக்காக ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நானும் உடன் சென்றேன். புகைப்படம் எடுக்கும்போது குழந்தை அம்மாவின் முந்தானையை விடவே இல்லை; படத்தின் ஓரத்தில் அந்தப் பச்சைச் சேலையும் விழுந்திருக்கிறது.

காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலும், திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைதானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையே முன் அனுமதி கோர வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.