கொழும்புக் குழாய் நீருக்கு ஆர்.ஓ. வடிகட்டி தேவையா?

வெள்ளவத்தைவாசி:
நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கிறோம். சில நாட்களில் குழாய் நீரில் குளோரீன் மணம் பலமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, மருந்து கலந்த தண்ணீர் என்று குடிக்க மறுக்கிறார். ஆர்.ஓ. (நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி வடிக்கும்) வடிகட்டி பொருத்தினால்தான் பாதுகாப்பு என்கிறார் ஒரு விற்பனையாளர். வீட்டில் சிறு பிள்ளையும் இருப்பதால், அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

களனிக்கரையான்:
அம்மாவை அஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மணம், கிருமிகளிடமிருந்து நீரைக் காக்கும் குளோரீன் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம். கொழும்புக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் நீர் வந்தாலும், பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலே சுத்திகரிப்பு நிலையத்தில் எடுக்கப்படுகிறது. மழைக்காலத்தில் அந்நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெடுநேரம் படியாமலே நிற்கும். படிகாரம் சேர்த்ததும் அந்த ஏற்றம் நடுநிலையாகி, துகள்கள் பஞ்சுபோலத் திரண்டு அடியில் படிகின்றன. படியாமல் எஞ்சியவற்றை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரீன் எளிதில் எட்டாது. ஆகவே கலங்கலைப் போக்கிய பின்னரே கிருமிநீக்கம் முழுப் பயன் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் குடிநீரில் குளோரீனுக்கான மேல் வரம்பு லீட்டருக்கு 5 மில்லிகிராம். ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு மணத்தை உணர்ந்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் மணம் தணியும்.

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி:
சுத்திகரிப்பு நிலையத்தைவிடத் தொடர்மாடியின் தாங்கிகளைப் பற்றியே எனக்குக் கவலை. நிலக்கீழ்த் தாங்கியிலும் கூரைத் தாங்கியிலும் நீர் தேங்க, குளோரீன் சிறிது சிறிதாகக் குறைந்துவிடும். மூடி சரியில்லாவிட்டால் பறவை எச்சமும் பூச்சியும் விழும். பிள்ளைக்குக் கொதித்தாறிய நீரையே கொடுங்கள். குளோரீனுக்குத் தாக்குப்பிடிக்கும் ஒட்டுண்ணிகள்கூடக் கொதிநிலையில் மடிந்துவிடும். ஆனால் கொதித்த நீரில் குளோரீன் மிஞ்சாது. மூடிவைத்து அன்றன்றே பயன்படுத்துங்கள்.

வேதியியல் ஆசிரியர்:
ஆர்.ஓ. முதன்மையாகக் கரைந்த உப்புகளை நீக்குவதற்கான முறை. சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் வன்மைக்கும் (சுண்ணாம்பு உப்புகள் மிகுந்திருத்தல்), அநுராதபுரம் போன்ற இடங்களின் புளோரைட்டுக்கும் அது பொருந்தும். களனி நீர் மென்மையானது, அதற்கு ஆர்.ஓ. வீண் செலவு என்பதே என் முடிவு. அக்கருவி நீரின் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றுவதுடன், அதன் கரி வடிகட்டி குளோரீனையும் அகற்றிவிடுவதால், சேமிப்புக் கலனைத் தவறாமல் கழுவாவிட்டால் அதிலேயே கிருமி பெருகும். தாங்கிகள் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்று தொடர்மாடி நிருவாகத்திடம் முதலில் கேளுங்கள்.