32-ஆ, 36-ஆ, 42-ஆ? எப்போது அளந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

சென்னை, நிஞ்ஜா 650

ஸ்போர்ட் வண்டி வைத்திருப்பவர்கள் சந்தித்தால் இரண்டாவது கேள்வியாக டயர் காற்று வந்துவிடும். "எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" எல்லோரும் எண்ணைக் கேட்கிறார்கள். எந்த நேரத்தில், எந்த வெயிலில் அளந்த எண் என்று யாரும் கேட்பதில்லை. என் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்வது முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு). அது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி சில மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும்.

சென்ற மே மாதத்தில் ஒரு நண்பகல். பெட்ரோல் பங்க்கில் காற்றுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆயிரம் சிசி வண்டியில் ஒரு தம்பி. பின் டயரில் அளவு 47 காட்டியது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் தயாரிப்பாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் 42 என்று இருக்கிறது. "ஐந்து அதிகம், இறக்கிவிடுங்கள்" என்றார். பங்க் பையனும் தயங்காமல் இறக்கிவிட்டான். "தம்பி, வெயிலில் ஓட்டி வந்த சூட்டுக்குத்தான் அந்த ஐந்து. நாளை விடியற்காலையில் அளந்து பாருங்கள், 37-தான் இருக்கும்" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. காற்றை அளக்கும் கேஜில் 37.

கணக்கு கடினமானதல்ல. டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை ஏறும். மே மாதத் தார்ச்சாலையில் ஓடிய டயர் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். விடியற்காலையில் அதே டயர் 28 டிகிரியில் நிற்கும். நண்பகலில் இறக்கிய காற்றைக் காலையில் யார் திருப்பித் தருவார்கள்?

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து நிரப்புகிறவர்களும் உண்டு. அது அந்த டயர் முழுச் சுமையில் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான பரிந்துரை அல்ல. மற்றவர்களின் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கோயம்புத்தூர், ஆர்15

அண்ணா, உங்கள் கணக்கோடு மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் காற்றுப் பிடித்து ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் எங்கள் ஊரில் இரண்டு கட்சி. "மேலே குளிர், காற்று குறையும், இரண்டு கூட்டிப் பிடி" என்பது ஒன்று. "மேலே காற்றழுத்தம் குறைவு, டயர் உப்பும், இரண்டு குறைத்துப் பிடி" என்பது இன்னொன்று. இரண்டு கட்சி சொல்வதும் உண்மைதான். அதனால்தான் இரண்டுமே வேண்டியதில்லை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட டயருக்குள் எவ்வளவு அதிகம் என்பதை. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் அடிவாரத்தைவிட ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு, ஆகவே கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்டும். அடிவாரத்தில் 34 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரால் குறைவதும் கிட்டத்தட்ட அதே 3. ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. கோத்தகிரி வழியாக ஏறிப்போய், இரவு தங்கி, காலையில் வண்டியைத் தொடுமுன் அளந்தால் கீழே பிடித்ததிலிருந்து ஒன்று கூடவோ குறையவோதான் இருக்கும். உறைபனிக் காலம் என்றால் இன்னும் கொஞ்சம் குறையலாம். மேலே போய் காற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சென்னை, 600 சிசி, டிராக் ஓட்டம்

சாலைக் கணக்கை அப்படியே இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைக்குக் கொண்டுவராதீர்கள். 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவு. முழு வேகத்தில் போய்ப் பிரேக்கை அழுத்தி, உடனே சாய்த்து, சாய்வு நிமிருமுன்பே ஆக்சிலரேட்டரை முறுக்கும் இடம். சாலையில் காண முடியாத சூடு டயரில் ஏறும்.

அங்கே டயர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் நான் நிறையக் கற்றேன். ஓட்டம் முடிந்து வண்டி பிட்டுக்குள் (வண்டியைச் சரிபார்க்கும் இடத்துக்குள்) நுழைந்ததும், நாம் ஹெல்மெட்டைக் கழற்றுமுன் வால்வில் கேஜை வைத்துவிடுவார். "தண்ணீர் குடித்துவிட்டு வந்து அளந்தால் அது வேறு டயர், ஐயா" என்பார். முன்னால் 36, பின்னால் 42 என்ற ஸ்டிக்கர் எண், கூட ஆள் ஏற்றி, பை கட்டி, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடுவதையும் மனதில் வைத்துப் போட்டது. டிராக்கில் தனி ஆள், சுமை இல்லை. 42-இல் தொடங்கினால் சூட்டில் 50-ஐ நெருங்கும். டயர் விறைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். எனக்கு அவர் காலையில் குளிர்ந்த நிலையில் முன்னால் 31, பின்னால் 30 வைத்தார். முதல் ஓட்டம் முடிந்து அளந்தபோது முன்னால் 35, பின்னால் 36. பின்னதில் மட்டும் இரண்டு இறக்கினார்.

பிறகு என்னைக் குனியச் சொல்லி பின் டயரின் ஓரத்தைக் காட்டினார். வலப்பக்கம் ரப்பர் சிறுசிறு உருண்டைகளாகத் திரண்டு, ஒரே திசையில் நுணுக்கமாகச் சீவியது போல இருந்தது. அதுவரைக்கும் சரி. வரிகள் ஆழமாகி ரப்பர் கிழிய ஆரம்பித்தால் காற்றோ சஸ்பென்ஷனோ ஒத்துவரவில்லை என்று பொருள். அடுத்த ஓட்டத்தில் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் வழுக்கியது நின்றுவிட்டது.

இதைவிட முக்கியம் மாலையில். வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போகிறவர்கள் யாரும் காற்று ஏற்றாமல் வாயிலைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக நிற்பார். பெங்களூர் நெடுஞ்சாலையில் 30 பிஎஸ்ஐயோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும்.

திருச்சி, ஆர்சி 390

ரேஸ் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மோட்டோ ஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில் 2025 விதிப்படி முன் டயருக்குக் குறைந்தபட்ச அளவு 1.8 பார், நம் கணக்கில் 26 பிஎஸ்ஐ. பந்தயச் சுற்றுகளில் 60 சதவீதமாவது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 16 விநாடி தண்டனை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் முன்னணியில் இருந்த மார்க் மார்க்கெஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னால் விட்டார். இன்னொரு வண்டியின் பின்னால் போனால் அதன் சூடான காற்று முகத்தில் அடிக்கும். முன் டயர் சூடாகி அழுத்தம் ஏறும். பல சுற்றுகள் பின்னால் போய் அளவைத் தேற்றிக்கொண்டு, கடைசியில் முந்திப்போய் வென்றார். அடுத்த மாதம் கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ் இதே விதியால் 14-ஆம் இடத்துக்குப் போனார். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால் ஒரு பிஎஸ்ஐக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது.

நாகர்கோவில், நிஞ்ஜா 300

எங்கள் ஊரில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் "மழைக்குக் காற்றைக் குறை, பிடிமானம் கூடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. டயரின் பள்ளங்கள் விரிந்திருந்தால்தான் தண்ணீர் வெளியேறும். காற்றுக் குறைந்த டயரில் பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும். தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைந்துவிடும். மழையில் நான் ஸ்டிக்கர் எண்ணை விட்டு இறங்குவதே இல்லை.

நைட்ரஜனைப் பற்றியும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனின் நன்மை பெரும்பாலும் ஈரம் இல்லாததில் இருக்கிறது. கம்ப்ரெஸர் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிகட்டும் கடையில் பிடித்தால் போதும்.

மதுரை, ஆயிரம் சிசி

முன்னால் இரட்டை டிஸ்க் உள்ள வண்டிகளில் பங்க் குழாயின் தலை டிஸ்க்குகளுக்கு நடுவே நுழையாது. எங்கள் பக்கத்து பங்க்கில் கட்டாயப்படுத்தி நுழைத்து, வால்வைச் சாய்த்து, காற்று ஏற்ற வந்த இடத்தில் இருந்ததிலேயே நான்கு பிஎஸ்ஐ வெளியே போனதைப் பார்த்தேன். அதன் பிறகு பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வாக மாற்றிக்கொண்டேன். செலவு அதிகமில்லை, டயர் மாற்றும்போதே போட்டுவிடலாம். மூடியும் உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதிவேகத்தில் சுழலும்போது நேரான வால்வின் ஊசி அழுந்திக் காற்றுக் கசியாமல் அந்த மூடிதான் காக்கும்.

சென்னை, நிஞ்ஜா 650

மதுரை அண்ணா, வால்வு யோசனைக்கு நன்றி. பின்னால் ஆள் ஏற்றுவதைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: சில வண்டிகளில் ஸ்டிக்கரிலேயே இரண்டு வரிசை எண் இருக்கும், ஒன்று தனி ஆளுக்கு, மற்றொன்று இருவருக்கு. அப்படி இல்லாத வண்டியில் ஒரே எண்ணே இரண்டுக்கும் பொருந்தும். கேஜ் மட்டும் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றிரண்டு கூட்டிக் காட்டினாலும் தினமும் அதே அளவு கூட்டிக் காட்டும். பங்க்குக்குப் பங்க் மாறும் மீட்டரை வைத்து யாரோடும் விவாதம் செய்ய முடியாது.