ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பகுதிநேர ஓவிய ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கல்வியாண்டில்தான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் 42 மாணவர்கள் இருக்கிறார்கள். வாரத்திற்கு ஒரே ஒரு பாடவேளை, அதுவும் 40 நிமிடங்கள்தான்.

முதல் வகுப்பில் பிடித்த காட்சி ஒன்றை வரையச் சொன்னேன். முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் ஏறத்தாழ ஒரே படம் வந்தது. இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் விரித்த புத்தகத்தைப் போல மூன்று பறவைகள். எங்கள் மாவட்டத்தில் மலையே கிடையாது. வாய்க்காலும் வயலும் கதிர் அறுக்கும் இயந்திரமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பள்ளிச் சன்னலுக்கு வெளியே இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் காணாத மலையை எப்படி ஒரே மாதிரி வரைகிறார்கள் என்று எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

மீதமுள்ளவர்களில் இரண்டு பேர் நன்றாக வரைகிறார்கள். ஆனால் அவர்களும் கைபேசியில் உள்ள நடிகர்களின் முகங்களைக் கட்டம் போட்டு அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். "எனக்கு வராது மிஸ்" என்று சொல்லித் தாளைக் கவிழ்த்து வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான அறிமுகப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது, பார்த்து எழுதுவதை அனுமதிக்கலாமா, மதிப்பெண்ணை எதை வைத்து இடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

அம்மா, வணக்கம். நான் 31 ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன். அந்த மலையும் சூரியனும் நான் பணியில் சேர்ந்த முதல் நாளிலும் என் மேசைக்கு வந்தன, ஓய்வு பெற்ற ஆண்டிலும் வந்தன. பிள்ளைகள் மேல் பிழை இல்லை. ஆறேழு வயதில் யாரோ போட்டுக் காட்டிய அடையாளங்களை அவர்கள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். எழுத்துப் பழகியதைப் போலவே மரம் என்றால் இது, வீடு என்றால் இது என்று கை பழகிவிட்டது. ஆகையால் உங்கள் முதல் வேலை கையைப் பழக்குவது அன்று, கண்ணைத் திறப்பது.

அதற்கு ஓர் எவர்சில்வர் தம்ளர் போதும். அதை மேசையின் நடுவே வைத்து வரையச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது பேர் வாயை எலுமிச்சம்பழத்தைப் போல இரு முனையும் கூராக வரைந்து, அடியை மட்டும் நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். மேசை தட்டையானது, தம்ளர் அதன்மேல் நிற்கிறது, ஆகவே அடியும் நேராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய அறிவு சொல்கிறது. கண் சொல்வதை அறிவு கேட்கவிடாது. இப்போது ஒரு மாணவனை எழுப்பித் தம்ளரைக் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்க இறக்க அந்தக் கோடு நீள்வட்டமாக விரியும். தம்ளர் மேசைக்கு வந்ததும், அதன் அடி கண்மட்டத்திலிருந்து இன்னும் தாழ இருப்பதால் அடிவளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். இதை நீங்கள் வாயால் சொல்லிவிடக் கூடாது. ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். அந்த 40 நிமிடமும் அதற்கே போனாலும் பாதகமில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் மாடல் டிராயிங் (பொருளை முன்னால் வைத்துப் பார்த்து வரைதல்) எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே விதியாகப் படித்ததை இங்கே பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரங்கள் தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சியைக் கொடுங்கள். தன் இடது கையையோ ஒரு செம்பருத்திப் பூவையோ முன்னால் வைத்துக்கொண்டு, பார்வை விளிம்பின்மேல் எறும்பு ஊர்வதுபோல் நகர, பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். கிடைக்கும் படம் கோணலாகத்தான் இருக்கும். எல்லாருடைய படமும் கோணலாக இருப்பதால் "எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளைக்கும் நடிகர் முகம் வரையும் பிள்ளைக்கும் அன்று ஒரே தரம்தான். அந்தக் கோணல் கோடுகளுக்குள் விரல் மடிப்பு ஒன்று அப்படியே உயிரோடு வந்திருக்கும். அதைத் தேடி எடுத்து வகுப்புக்குக் காட்டுங்கள்.

அழிப்பானை முதல் பருவம் முழுவதும் வாங்கி வைத்துவிடுங்கள். தவறிய கோட்டின் அருகிலேயே சரியான கோட்டைப் போடட்டும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் சேருங்கள். ஒரு பிள்ளையின் படத்தை அதே பிள்ளையின் பழைய படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். வண்ணத்தை ஆறு மாதத்திற்குத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி: ஓவியர், சென்னை

பெரியவர் சொன்ன தம்ளர் பாடத்தை முழுமனதோடு ஏற்கிறேன். வண்ணத்தை ஆறு மாதம் தள்ளிவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வாரத்திற்கு ஒரு வகுப்பு என்றால் ஆறு மாதத்தில் இருபது வகுப்புகூடத் தேறாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வண்ணம் என்பது பெரிய ஈர்ப்பு; அதையே பார்க்கும் பயிற்சியாக மாற்றிவிடலாம்.

போஸ்டர் கலரில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று நான்கு புட்டிகள் மட்டும் கொடுங்கள். கறுப்பைக் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது சிவப்பில் மட்டும் கவனம் வேண்டும். வெர்மிலியன் என்னும் சிவப்பில் மஞ்சளின் சாயல் உண்டு. அதை நீலத்தோடு கலந்தால் ஊதா வராது, பழுப்பு கலந்த ஓர் அழுக்கு நிறம்தான் வரும். கிரிம்சன் என்னும் சிவப்போடு அல்ட்ராமெரின் நீலத்தைக் கலந்தால் நல்ல ஊதா கிடைக்கும். இது தெரியாமல், புத்தகத்தில் சொன்னபடி கலந்தும் வரவில்லையே, என் கைதான் சரியில்லை என்று தன்னையே நொந்துகொண்ட மாணவனாக நான் இருந்திருக்கிறேன்.

பிறகு ஆளுக்கு ஒரு இலையைக் கொடுத்து, அந்த இலையின் பச்சையைக் கலந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கலந்த வண்ணத்தை ஒரு துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு இலையின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். தாள் இலைக்குள் மறைந்துபோனால் வெற்றி. வேப்பந்தளிருக்கும் முற்றிய மாவிலைக்கும் ஒரே பச்சை போதாது என்பதையும், பச்சை மங்க வேண்டுமானால் கறுப்பு தேவையில்லை, ஒரு துளி சிவப்பு போதும் என்பதையும் அவர்கள் அன்றே அறிந்துகொள்வார்கள்.

பார்த்து எழுதுவதைத் தடுக்க வேண்டாம். நகல் எடுத்துப் பழகுவது பழைய ஓவியர்களிடமும் உண்டு. ஆனால் கட்டம் போடும் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கட்டம் இல்லாமல் வரையச் சொல்லுங்கள். மூக்கு மூக்காகத் தெரியாதபோது, தெரிந்த மூக்கை எழுத முடியாது. கோடும் நிழலும் எங்கே இருக்கின்றனவோ அங்கே போட்டாக வேண்டும். முகத்தைப் பற்றி இன்னொன்று: கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சந்தலை முதல் மோவாய் வரை பென்சிலால் அளந்தால் கண் சரிபாதியில் இருப்பதைக் காணலாம். பக்கத்தில் இருப்பவரின் தலையை அளக்கச் சொன்னால் நம்ப மறுத்து மறுபடியும் அளப்பார்கள்.

தாளுக்கும் பென்சிலுக்கும் பணம் இல்லையென்றால் கரி இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி எழுதுபவர்கள் துணியின்மேல் முதல் கோட்டைச் சுட்ட புளியங்குச்சியால்தான் போடுகிறார்கள். பழைய நாளிதழின் மேலேயே பெரிய அளவில் வரைந்து பழகலாம்.

மறுமொழி: சித்திர பாட ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். நான் இங்கே சாதாரண தர (பத்தாம், பதினோராம் வகுப்பு) மாணவர்களுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். ஐயா இருவரும் வரைவதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, பிறர் வரைந்ததைப் பார்ப்பது பற்றியது. அறிமுகப் பாடத்தில் இதைப் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கும் பெயர்களும் ஒப்புவிக்கும் பகுதியாக ஆக்கிவிடுகிறோம்.

ஒரு படத்தைக் காட்டினால் அதன் பெயரையோ காலத்தையோ உடனே சொல்ல வேண்டாம். இரண்டு நிமிடம் எவரும் பேசாமல் பார்க்கட்டும். பிறகு என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். "அழகாக இருக்கிறது" என்ற விடையை நான் ஏற்பதில்லை. எது, எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டின் சிகிரியாக் குன்றில் உள்ள பாறை ஓவியங்களை இப்படிக் காட்டியபோது, ஓர் உருவத்தில் கையை முதலில் ஒரு நிலையில் வரைந்து பின்னர் மாற்றிய தடம் இருப்பதை ஒரு பிள்ளைதான் முதலில் கண்டது. 5ஆம் நூற்றாண்டு ஓவியரும் கோட்டை மாற்றித்தான் போட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அழிப்பானைத் தேடும் பழக்கம் என் வகுப்பில் வெகுவாகக் குறைந்தது.

சகோதரி, உங்களுக்கு என்னைவிடப் பெரிய பேறு இருக்கிறது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை எனக் கருதப்படும் அந்த ஓவியங்களில் காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கம் எழுதியிருப்பதோடு, எழுதிய ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் குறித்து வைத்திருக்கிறார். முசுகுந்தனுக்குக் குரங்கு முகம் என்பதால், எந்தக் காட்சியில் அவன் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு எளிது. ஒரே ஆள் ஒரே வரிசையில் பலமுறை வருவதன் மூலம் காலம் நகர்வதை ஓவியர் எப்படிக் காட்டுகிறார் என்பதை அங்கேயே தரையில் உட்கார்ந்து பேசலாம். திரும்பி வந்த பிறகு, காலையில் எழுந்து பள்ளிக்கு வந்துசேரும் வரையிலான தங்கள் கதையை அதேபோல் ஒரு நீண்ட பட்டைத் தாளில், ஒவ்வொரு காட்சியின் கீழும் ஒரு வரி எழுதி, வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் மலைக்கும் பாதிச் சூரியனுக்கும் இடம் இருக்காது.

கேள்வி கேட்ட ஆசிரியை, ஐந்து வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. தம்ளர் பாடத்தை இரண்டு வகுப்புகளில் நடத்தினேன். முதல் நாளில் தாளைக் கவிழ்த்து வைத்த ஒரு மாணவன், கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, தம்ளருக்கு முன்னால் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, "மிஸ், அடிதான் அதிகமா வளையுது" என்றான். நன்றாக வரையும் பிள்ளை அதை மறுத்தது. இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் மணி அடித்ததே எவருக்கும் கேட்கவில்லை.

வண்ணத்தைப் பொறுத்தவரை இருவர் கருத்துக்கும் நடுவே ஒரு வழியை எடுத்தேன். மூன்றாவது வாரம் இலைப் பயிற்சியைக் கொடுத்துவிட்டுப் பென்சிலுக்குத் திரும்பினேன். தேவாசிரிய மண்டபத்திற்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியர் ஒப்புதல் தந்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வுக்கு முன் சென்று வருவோம்.

ஒரே ஓர் ஐயம். புளியங்குச்சிக் கரியைச் சுட்டுப் பார்த்தேன். பாதி சாம்பலாகிவிட்டது, மீதி வேகவே இல்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

நீங்கள் திறந்த நெருப்பில் சுட்டிருப்பீர்கள், அம்மா. விரல் பருமனுக்கும் மெல்லிய, நன்கு காய்ந்த குச்சிகளாகப் பார்த்துப் பட்டையை உரித்துவிட்டு, ஒரு பழைய தகர டப்பாவில் இடைவெளி இல்லாமல் செங்குத்தாக அடுக்குங்கள். தடித்ததும் மெல்லியதும் கலந்திருந்தால் ஒன்று வேகும்போது இன்னொன்று வேகாது. மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை இட்டு இறுக மூடித் தணலில் புதைத்து வையுங்கள். துளை வழியாக முதலில் வெண்புகை வரும். அது முற்றிலும் நின்ற பிறகு டப்பாவை வெளியே எடுத்துத் துளையை ஈரமண்ணால் அடைத்து, மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது மறுபடியும் கனன்று சாம்பலாகும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.