புது கம்ப்யூட்டருக்கு எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேக்கப்: சரியான முறை எது?

வைகைக்கரை:
வீட்டுக்குப் புது டெஸ்க்டாப் வாங்கியாச்சு. விண்டோஸ் 11 ஹோம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கூடவே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். போட்டோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கடையின் டாலி கணக்கு எல்லாம் சேர்த்து 180 ஜிபி வரும். சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், ப்ரோக்ராம்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பிரதி) எடுக்கப் போனால் டிஸ்கை ஏற்க மறுக்கிறது. ஏன்? ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்து வைத்தால் போதாதா?

மின்மினி:
டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்று) வந்திருக்கும். டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பாருங்கள். சிஸ்டம் இமேஜுக்கு என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட் வேண்டும். ஃபைல்களை அழிக்காமல் ஃபார்மட்டை மாற்றும் கன்வெர்ட் கமாண்ட் எக்ஸ்ஃபேட்டுக்கு வேலை செய்யாது, ஃபார்மட் அடிப்பதுதான் வழி. உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். அதனால் டிஸ்க் காலியாக இருக்கும் இப்போதே செய்துவிடுங்கள்.

காப்பி மட்டும் ஏன் போதாது என்றால், கெட்டுப்போன ஃபைலை நல்ல ஃபைலின் மேலேயே போட்டுவிட்டால் பழையது திரும்பாது. விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, ஒவ்வொரு முறை பேக்கப் எடுக்கும்போதும் மாறிய ஃபைல்களுக்குத் தனிப் பிரதி வைக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டிஸ்கைத் தேர்ந்து, டர்ன் ஆன் கொடுங்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பழைய பிரதிகளை "எப்போதும் வைத்திரு" என்றுதான் இருக்கும். "இடம் தேவைப்படும் வரை" என்று மாற்றாவிட்டால் ஒருநாள் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றுவிடும்.

இரண்டு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று, ஃபைல் ஹிஸ்டரி லைப்ரரிகள் (டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற தொகுப்புகள்), டெஸ்க்டாப் மாதிரி சில இடங்களை மட்டுமே எடுக்கும். வேறு எங்காவது ஃபோல்டர் போட்டிருந்தால் அதை ஒரு லைப்ரரியில் சேர்க்க வேண்டும். இரண்டு, ஒன்டிரைவ் (ஃபைல்களை இணையத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை). ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் எஸ்எஸ்டியில் இல்லை, பேக்கப்பிலும் வராது. ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து, இறங்கி முடிந்த பிறகு பேக்கப் எடுங்கள்.

கரிசல்காட்டான்:
மேலே சொன்னது ஃபைல்களுக்கு. சிஸ்டத்துக்கு இமேஜ் தனி. ட்ரைவர், பிரிண்டர், டாலி எல்லாம் போட்டு, அப்டேட் முடிந்து, வேறு குப்பை சேரும் முன் இமேஜ் எடுப்பதுதான் நல்லது. கன்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்டு ரீஸ்டோர் (விண்டோஸ் 7)" என்று பழைய பெயரிலேயே இருக்கும். டிஸ்கில் உருவாகும் விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டரின் பெயரை மாற்றவோ இன்னொரு ஃபோல்டருக்குள் தள்ளவோ கூடாது. ரீஸ்டோர் செய்யும்போது தேடினால் கிடைக்காது. இமேஜைத் திருப்பிப் போடும் எஸ்எஸ்டி பழையதை விடச் சிறியதாக இருந்தாலும் ஏற்காது.

விண்டோஸே எழும்பாதபோது உள்ளே போக ஒரு பென் டிரைவ் வேண்டும். 16 ஜிபி அல்லது அதற்கு மேல் எடுத்து, ரெக்கவரி டிரைவ் உருவாக்குங்கள். பென் டிரைவில் உள்ளது அழிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு செட்டப் செய்திருந்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி எஸ்எஸ்டியில் உள்ளதை மறைகுறியாக்குவது) தானாக ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மதர்போர்டு போனால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் அந்த எஸ்எஸ்டியை இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கவே முடியாது. கீயைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இன்னொன்று: என்க்ரிப்ட் ஆன டிரைவின் இமேஜ் எக்ஸ்டர்னல் டிஸ்கில் என்க்ரிப்ட் ஆகாமல்தான் கிடக்கும். கடைக் கணக்கு இருப்பதால் டிஸ்கை அலமாரியில் பூட்டி வையுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. டிஸ்கை எப்போதும் சொருகியே வைக்கலாமா? முன்பக்க போர்ட்டில் போட்டால் டிக் டிக் என்று சத்தம் வந்து துண்டிக்கிறது.

மின்மினி:
சொருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மின்னழுத்தம் திடீரென எகிறினாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். வாரம் ஒருமுறை சொருகி, "ரன் நவ்" கொடுத்து, முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றி வைப்பது போதும். டாலிக்கு மட்டும் தினமும் அதன் டேட்டா மெனுவில் உள்ள பேக்கப்பை ஒரு தனிப் பென் டிரைவில் எடுங்கள்.

டிக் சத்தம் பெரும்பாலும் போர்ட்டில் மின்சாரம் போதாததால். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில், டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளால் இணையுங்கள். வேகமும் கூடும்: யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 35 எம்பி என்றால் 180 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், யுஎஸ்பி 3-இல் 100 எம்பி கிடைத்தால் அரை மணி. பின்பக்கத்திலும் அதே சத்தம் வந்தால் பெரும்பாலும் டிஸ்கே பழுது; வாரண்டியில் மாற்றுங்கள், அதில் எதையும் எழுதாதீர்கள்.

கரிசல்காட்டான்:
முதல் பேக்கப் முடிந்ததும் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி நாலைந்து போட்டோவைத் திறந்து பாருங்கள். டாலி பேக்கப்பைப் புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா என்று சரிபாருங்கள்.